காற்று புகுந்த குழாய்

பாலத்து வேலையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. கம்பி கட்டுகிறவர் ‘முடிச்சு’. கான்கிரீட்டை அதிர வைத்துப் படியச் செய்கிற வைப்ரேட்டரைப் பிடிக்கிறவருக்கு, வேலை முடிந்த பிறகும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டே இருப்பதால், ‘டான்சர்’ என்று பெயர். கான்கிரீட் பம்ப் ஓட்டுகிறவருக்கு மட்டும் வெகுகாலம் பெயரே வைக்காமல் விட்டிருந்தார்கள். மனைவி இறந்த பிறகுதான் அவருக்கு ‘சரியண்ணன்’ என்று பெயர் விழுந்தது.

கிண்டலுக்காக யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை. அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. நாளைக்கு விடிவதற்குள் வர முடியுமா என்றால் சரி. இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றால் அதுவும் சரி. டீக்கடை அம்மா ஒருநாள் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் டீயைக் கொடுத்து, “எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டாள். “சரி” என்றார். மறுநாள் கை நிறைய அள்ளிப் போட்டாள். அதற்கும் அதே பதில்தான். “இந்த மனுஷனுக்கு டீயும் வெந்நீரும் ஒண்ணுதான் போல” என்று சுற்றியிருந்தவர்களைச் சிரிக்க வைத்தாளே தவிர, அதற்கு அடுத்த நாளிலிருந்து அளவாகப் போட ஆரம்பித்தாள். சோதித்துப் பார்த்தது அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சைட் மேனேஜருக்கு மட்டும் சரியண்ணன் என்றால் உயிர். “எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது. இவர் மாதிரி பத்து பேர் இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்” என்பார்.

அன்று காலை, ஆற்றங்கரையில் பம்ப் வண்டியை நிறுத்தி, அதன் நான்கு இரும்புக் கால்களையும் விரித்துக் கட்டைகளின் மேல் ஊன்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மச்சானின் மனைவி.

“அண்ணே, வேலைல இருக்கீங்களா?”

“இன்னும் ஆரம்பிக்கல. சொல்லும்மா.”

“நாளன்னிக்கு சாமான் ஏத்த லாரி வருது. பாப்பா துணிமணியை எடுத்து வைக்கட்டுமா வேணாமான்னு தெரியல. போன வாரமே கேட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லல.”

சரியண்ணன் பாலத்தின் பக்கம் திரும்பினார். ஆற்றின் மேல் மூட்டம் இன்னும் கலையவில்லை. பாலத்தின் தூண்கள் தண்ணீரிலிருந்து புறப்பட்டு மூட்டத்துக்குள் போய் மறைந்திருந்தன.

“அவ எங்களோட வர்றதுன்னா அந்த ஊரு ஸ்கூல்ல இப்பவே சொல்லி வைக்கணும்ணே. இது ஒரு மாசம் ரெண்டு மாசம் சமாச்சாரம் இல்ல. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் எங்க வீட்டுப் பிள்ளையாத்தான் வளருவா. அப்புறம் நடுவுல வந்து கேட்டா என்னால குடுக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன். அதனாலதான் உங்க வாயால கேட்டுக்கறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

“சரி.”

“எதுக்கு சரி? வர்றதுக்கா, கூட்டிட்டுப் போறதுக்கா?”

கொஞ்சம் யோசித்தார். “வர்றதுக்கு” என்றார்.

மற்றதற்கும் இதே பதிலைத்தான் சொல்லப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். அதை ஏன் போனிலேயே சொல்லித் தீர்க்கவில்லை என்று கேட்டால் அவரிடம் காரணம் இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசிக் காலுக்கு அடியில் கட்டையைச் செருகினார்.

*

மச்சான் வேறு யாருமில்லை. இதே பம்ப்பின் மறுமுனையில் ரப்பர் ஹோஸைப் பிடித்து நிற்பவர்தான். இறந்துபோனவளுக்கு உடன்பிறந்த அண்ணன். இவர் பம்ப் ஓட்ட, அவர் ஹோஸ் பிடிக்க, இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ கூரைகளையும் தூண்களையும் வார்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் மச்சான் தன் தங்கையையே இவருக்குக் கட்டி வைத்தார். “ஹோஸ் முனையில நின்னு என் உசிரை இவன் கையில குடுத்திருக்கேன். தங்கச்சியைக் குடுக்க என்ன யோசனை?” என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்பி முடிவதற்குள் சரியண்ணன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழக்கூடாது என்ற வைராக்கியமெல்லாம் இல்லை. வெகுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுவது போல இருக்குமே, அப்படி இருந்தது. கால் என்றால் உதறிவிட்டு எழுந்திருக்கலாம். இது உதறுகிற இடத்தில் இல்லை.

மச்சான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். “என் தங்கச்சி செத்ததுக்கு ஒரு நாய் கூட ஊளையிட்டுது. இவன் போய் பம்ப் ஓட்டறான்” என்று டான்சரிடம் சொன்னாராம். அன்றோடு பேச்சு நின்றது. வேலையில் மட்டும் பிரியவில்லை. பம்ப் ஓட்டுகிறவருக்கும் ஹோஸ் பிடிக்கிறவருக்கும் பேச்சு தேவையும் இல்லை. இஞ்சின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. ஒற்றை விரலைத் தலைக்கு மேல் சுழற்றினால் ஓட்டு. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் மெதுவாக. முஷ்டியை மூடி உயர்த்தினால் நிறுத்து. இதை வைத்துக்கொண்டே எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரே ஒரு மாற்றம். பம்ப் ஓட்டுகிறவர் ரிமோட் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கான்கிரீட் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஹோஸ் முனை கண்ணில் படும்படி நிற்பதுதான் முறை. சரியண்ணன் இப்போதெல்லாம் கீழே வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வார். அங்கிருந்து பார்த்தால் மச்சான் இடுப்புக்கு மேலேதான் தெரிவார். முகம் சரியாகத் தெரியாது. அது இருவருக்குமே வசதியாக இருந்தது.

மகள் இரண்டாம் வகுப்பு. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிற மனிதர் அவளை எப்படி எழுப்பி, குளிப்பாட்டி, தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவது? மச்சானின் மனைவிதான் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளை இல்லாத வீடு. மகள் போன பிறகு அந்த வீட்டில் ஜன்னலுக்குப் புதுத் திரை வந்தது, சுவரில் வண்ணப் பென்சில் கிறுக்கல் வந்தது. இப்போது மச்சானுக்கு வெளியூரில், பாலத்துக்கு உத்தரம் வார்க்கிற யார்டில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. இந்தப் பாலத்தில் இன்று வார்ப்பதுதான் அவருக்குக் கடைசி வார்ப்பு.

சரியண்ணன் வாடகைக்கு இருக்கும் மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கதவோரம் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. சோப்பு டப்பாவில் அவளுடைய சீப்பு. எடுத்து வைக்கவும் இல்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை. செருப்பைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறார்.

*

மூட்டம் கலைந்ததும் வேலை ஆரம்பித்தது. பம்ப்பின் இரும்புக் கை மடிப்பு மடிப்பாக நிமிர்ந்து, ஆற்றுக்கு மேல் நீண்டு, பாலத்தின் தளத்துக்கு வந்து தலை குனிந்தது. அதன் நுனியில் யானைத் துதிக்கை போல ரப்பர் ஹோஸ் தொங்கியது. மச்சான் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை விடுவித்து, விரலைச் சுழற்றினார்.

சரியண்ணன் ஸ்விட்சைத் தட்டினார். மிக்சர் லாரி பின்பக்கத் தொட்டியில் கான்கிரீட்டைக் கொட்ட, பம்ப் அதை உறிஞ்சி, தம் பிடித்து மேலே தள்ளியது. ஒவ்வொரு தள்ளுக்கும் குழாய் முழுக்க ஒரு குலுங்கல் ஓடியது. முதலில் நீர்த்த சிமெண்டுக் கரைசல், பிறகு சாம்பல் நிறத்தில் கெட்டியாகக் கான்கிரீட். டான்சர் வைப்ரேட்டரைச் செருகிச் செருகி எடுக்க, அது நெளிந்து கம்பிகளுக்கு நடுவே இறங்கிப் படிந்தது.

தளம் வார்க்க ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்திவிட்டு, முன்னால் போட்டது இறுகிய பிறகு புதிதாகப் போட்டால் இரண்டும் ஒட்டாது. நடுவே ஒரு கோடு விழும். பாலம் இருக்கிற வரைக்கும் அந்தக் கோடும் இருக்கும். அதனால் இன்ஜினியர் தம்பி காலையிலிருந்து தண்ணீர் கூடக் குடிக்காமல் வாக்கி-டாக்கியோடு தளத்தில் அலைந்துகொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இது அவருக்கு முதல் தளம். மரியாதையான பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று கேட்கிற பழக்கம் உண்டு.

லாரி மாற்றி லாரி வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறியது. டான்சர் மேலிருந்து, “சரியண்ணே! கொஞ்சம் மழை பெய்யச் சொல்லுங்கண்ணே!” என்று கத்தினார். “சரி” என்று இவர் கையை ஆட்டினார். மேலே சிரிப்பு கேட்டது.

பாதித் தளத்துக்கு மேல் முடிந்திருக்கும். ஒரு லாரி காலியாகிப் போனது. அடுத்தது வரவில்லை. வாக்கி-டாக்கியில் இன்ஜினியர் தம்பியின் குரல் வந்தது.

“அண்ணே, அடுத்த வண்டி ரயில்வே கேட்ல மாட்டிக்கிச்சாம். வந்துடும், கொஞ்ச நேரம்தான். தொட்டியில இருக்கறதை வச்சு மெதுவா ஓட்டிக்கிட்டே இருக்கலாமாண்ணே?”

தொட்டியில் கால்வாசிதான் இருந்தது. அதற்குக் கீழே இறங்கினால் பம்ப் கான்கிரீட்டோடு சேர்த்துக் காற்றையும் உறிஞ்சும். குழாய்க்குள் போன காற்று அங்கேயே அமுங்கி, நசுங்கி, பதுங்கிக் கிடக்கும். ஹோஸ் முனைக்கு வந்ததும் வெடித்துக்கொண்டு வெளியேறும். அப்போது ஹோஸ் சாட்டை போலச் சுழலும். இது பம்ப் ஓட்டுகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். “முடியாது தம்பி, நிறுத்தறேன். அப்பப்ப முன்னும் பின்னும் லேசா அசைச்சு வைக்கிறேன், இறுகாது” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

“சரி” என்றார் சரியண்ணன்.

தொட்டிக்குள் கலக்குகிற இரும்பு இலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கான்கிரீட் இறங்கியது. இலைகளின் நுனி வெளியே தெரிந்தது. பிறகு பாதி தெரிந்தது. அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. எதையும் மறந்துவிடவும் இல்லை. பார்த்துக்கொண்டேதான் நின்றார். ‘காற்று பிடிக்கப் போகிறது’ என்று உள்ளே ஒரு குரல், செய்தி வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னது. விரல் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. அசையவில்லை.

தொட்டி ஒருமுறை விக்கியது.

மேலே பட்டென்று ஒரு சத்தம். ஹோஸ் மச்சானின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாக வீசி, திரும்பி வந்து அவர் தோளில் அடித்தது. இடுப்புக்கு மேல் தெரிந்துகொண்டிருந்த மனிதர் காணாமல் போனார். அவருடைய மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தனியாகத் தளத்தின் விளிம்பைத் தாண்டி வந்து, ஆற்றில் விழுந்து, மல்லாந்து மிதந்து போயிற்று.

சரியண்ணனின் விரல் அதற்குள் பம்ப்பை நிறுத்திவிட்டிருந்தது. எப்போது நிறுத்தியது என்று அவருக்கே தெரியாது. அடுத்து பம்ப்பைப் பின்னோக்கி ஓட்டி, குழாயில் மிச்சமிருந்த காற்றைத் தொட்டிக்கு இழுத்தார். எல்லாம் முறைப்படி செய்தார். பிறகு ரிமோட் பெட்டி இடுப்பில் தொங்க, சாரத்து ஏணியில் ஏறினார்.

ஏறும்போதுதான் ஒன்றைக் கவனித்தார். நெஞ்சு படபடக்கவில்லை. கை நடுங்கவில்லை. மூச்சு வாங்கியது, அது ஏணியால். மேலே மச்சான் செத்துக் கிடக்கலாம், இந்த நேரத்தில் பயம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவது போல அந்தப் பயத்தைத் தேடிக்கொண்டே ஏறினார்.

*

மச்சான் சாகவில்லை. கம்பிகளின் மேல் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சாம்பல் நிறக் கான்கிரீட். கண் மட்டும் சிவப்பாக இருந்தது. முதலுதவி பார்க்கிறவர் தோளை அழுத்தி, கையைத் தூக்கிப் பார்த்து, “முறிவு இல்ல மாதிரிதான் தெரியுது. எதுக்கும் எக்ஸ்ரே படம் எடுத்துடுங்க” என்று ஒரு துணியில் கையைத் தொட்டில் போலக் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார். இன்ஜினியர் தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“நான் கேட்டிருக்கவே கூடாதுண்ணே” என்றார் அவர் சரியண்ணனிடம். “எனக்குத் தெரியல, அதான் கேட்டேன். ஓட்டலாமான்னுதானே கேட்டேன்? ஓட்டுங்கன்னு சொல்லலையேண்ணே.”

அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்ல முடியாது.

மச்சான் வாயில் இருந்த சிமெண்டைத் துப்பினார். எட்டு மாதம் கழித்து முதல் வார்த்தை வந்தது.

“ஏன்டா நிறுத்தல?”

“தம்பி ஓட்டலாமான்னு கேட்டார்.”

“கேட்டா?”

“சரின்னேன்.”

“சரின்ன!” மச்சான் எழுந்திருக்கப் பார்த்து, வலியில் மறுபடி உட்கார்ந்தார். “ஆத்துல குதிக்கிறியான்னு கேட்டாலும் சரிம்பியா? உன் மச்சானைப் புடிச்சு உள்ளே தள்ளிவிடட்டுமான்னு கேட்டாலும் சரிம்பியா?”

சரியண்ணன் உண்மையாகவே யோசித்தார். “சொல்லியிருப்பேன் மச்சான்” என்றார்.

டான்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டு திரும்பி நின்றார். மச்சான் சிரிக்கவில்லை. இவருடைய முகத்தையே பார்த்தார். எட்டு மாதமாகத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முகம்.

“தொட்டி காலியாறதைப் பாக்கலையா நீ?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா?”

“ஆமா.”

“என் மேல இருக்கற கோவத்துலயா மாப்ளே?”

அந்தக் குரல் இறங்கிப் போயிருந்தது. சரியண்ணன் தலையை ஆட்டினார். “கோவம்லாம் இல்ல மச்சான். ஒண்ணுமே இல்ல. அதான் சொல்றேன், ஒண்ணுமே இல்ல.”

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழே லாரி ஹாரன் கேட்டது. ரயில்வே கேட்டில் மாட்டியிருந்த வண்டி வந்துவிட்டது. போட்ட கான்கிரீட் இறுக ஆரம்பிக்கும். கோடு விழும்.

“ஹோஸை டான்சர் புடிக்கட்டும். வைப்ரேட்டருக்கு முடிச்சு வரட்டும்” என்றார் மச்சான். “ஆஸ்பத்திரி எங்கேயும் ஓடிப்போகாது. நான் இங்கே நின்னு சைகை காட்டறேன்.” பிறகு இவரைப் பார்க்காமல், “நீயும் இங்கேயே நில்லு. கீழே போன, காலை ஒடிச்சிடுவேன்” என்றார்.

இன்ஜினியர் தம்பி கீழே தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினார், பாதிக்குக் கீழே இறங்கினால் கத்துவதற்கென்றே. மச்சானும் சரியண்ணனும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார்கள். மச்சான் நல்ல கையை உயர்த்தி விரலைச் சுழற்றினார். பேசினாலே காதில் விழும். ஆனாலும் சைகைதான் காட்டினார். டான்சருக்கு ஹோஸ் பிடித்துப் பழக்கமில்லை, ஒவ்வொரு தள்ளுக்கும் அதோடு சேர்ந்து ஆடினார். “பேருக்கேத்த ஆட்டம்டா” என்று முடிச்சு கத்தினார். வெயில் சாய்வதற்குள் தளம் நிறைந்தது. கோடு விழவில்லை.

கடைசியாகக் குழாயைச் சுத்தம் செய்ய ஸ்பாஞ்சுப் பந்தை முனையில் திணித்து, பம்ப்பைப் பின்னோக்கி ஓட்டினார்கள். உள்ளே ஒட்டியிருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு பந்து தொட்டியில் வந்து விழுந்தது. ஓரம் பிய்ந்திருந்தது. இனி வேலைக்கு ஆகாது. அப்படிப்பட்ட பந்துகளை முன்பெல்லாம் கழுவி வீட்டுக்கு எடுத்துப் போவார். மகள் அதற்காகவே வாசலில் நிற்பாள். சரியண்ணன் அதைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவரைக் கேட்டால் தெரியாது. கை போட்டது.

*

மச்சானின் வீட்டில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பழுப்பு டேப் ஒட்டி, மேலே மையால் ‘பாத்திரம்’, ‘துணி’, ‘உடையும் சாமான்’ என்று எழுதியிருந்தது. மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது என்ற செய்தியோடு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவருடைய தோளையும் சரியண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை மச்சான் எவ்வளவு சொன்னார் என்று தெரியவில்லை. அவள் கேட்கவில்லை.

மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல், இரண்டும் ஒரே உயரத்தில். சரியண்ணன் பந்தை எடுத்து நீட்டினார்.

“சரிப்பா” என்று வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தாள்.

“முன்னாடி மாதிரி இல்லண்ணே இவ” என்றாள் மச்சானின் மனைவி. பெருமையாகத்தான் சொன்னாள். “அவங்கம்மா இருந்தப்போ என்ன அடம் பிடிப்பா! இப்போ ஒரு தொந்தரவு கிடையாது. குளின்னா குளிக்கிறா. படுன்னா படுத்துக்கறா. புது ஊருக்குப் போலாமாடின்னேன், சரி அத்தைன்னுட்டா. அப்பா கூட இருக்கியான்னும் கேட்டேன். நான் ஒண்ணும் மறைச்சு வச்சு இழுத்துட்டுப் போகல பாருங்க. அதுக்கும் சரின்னா. இந்த மாதிரி பிள்ளையை எங்கே பாக்க முடியும்?”

சொல்லிக்கொண்டே அடுப்பிலிருந்து பாலை இறக்கி, டம்ளரில் ஊற்றி மகளிடம் கொடுத்தாள். பால் ஆறுவதற்குள் மேலே ஆடை படர்ந்தது.

சரியண்ணன் அந்த ஆடையைப் பார்த்தார். தூசு அளவு ஆடை மிதந்தாலும் இவர் வீட்டில் ஒரு காலத்தில் ரகளை நடக்கும். மகள் டம்ளரைத் தட்டிவிடுவாள். “தோல் இருக்கு! பால்ல தோல் இருக்கு!” என்று தெருவுக்கே கேட்கும். அவள் அம்மா திட்டிக்கொண்டே இரண்டு தடவை வடிகட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்குத் ‘தோல்ராணி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மகள் டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். ஆடை மேலுதட்டில் ஒட்டித் தொங்கியது. முகம் சுளிக்கவில்லை. நாக்கால் அதை உள்ளே இழுத்து விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்குத் தயாரானாள்.

“உனக்கு ஆடை பிடிக்காதேம்மா?” என்றார்.

“சரிப்பா, பரவால்ல” என்றாள் மகள்.

தொட்டியில் இரும்பு இலைகள் சுற்றிக்கொண்டிருந்தது அவர் கண்ணுக்குள் தெரிந்தது. இலைகளின் நுனி தெரிந்தது. பிறகு பாதி தெரிந்தது.

“அப்போ அண்ணே,” மச்சானின் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள், “நாங்க கூட்டிட்டுப் போறோம். சரிதானே?”

“முடியாது.”

குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. பழக்கம் விட்டுப்போன வார்த்தை, சத்தத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. மகள் பென்சிலை நிறுத்தித் தலை நிமிர்ந்தாள்.

“என்னது?”

“அனுப்ப முடியாதும்மா.”

மச்சானின் மனைவியின் முகம் அப்படியே நின்றது. பிறகு மூக்கு நுனி சிவந்தது. “இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த வார்த்தை? போன வாரம் கேட்டேனே? காலைல கேட்டேனே? நீங்க சரின்னுதான் சொல்லுவீங்கன்னு இன்னிக்கே ஸ்கூல்லயும் சொல்லி வச்சுட்டேன். அவளுக்குன்னு ரூம்ல கட்டில் போடச் சொல்லியாச்சு...” மேலே பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் தொட்டில் கட்டிய கையைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தார். “மாப்ளே. விடியறதுக்குள்ள நீ கிளம்பினா இவளை யாரு எழுப்புவா?”

“தெரியல மச்சான்.”

“தலை யாரு பின்னுவா?”

“தெரியல.”

“எது தெரிஞ்சு முடியாதுங்கற?”

“தம்பி கேட்டப்பவே நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்” என்றார் சரியண்ணன். “தெரிஞ்சும் சொல்லல. உன் தோளைப் பாரு.”

மச்சான் தன் தோளைப் பார்த்துக்கொண்டார்.

சரியண்ணன் எழுந்து போய் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். மறுபடியும் ஆடை படர்ந்திருந்தது. வடிகட்ட எதுவும் கைக்கு அகப்படவில்லை. இரண்டு விரலால் அதை வழித்து எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

அவருக்கும் ஆடை பிடிக்காது. அது நினைவே இல்லை. வழுவழுவென்று நாக்கில் ஒட்டி, தொண்டைக்கும் வாய்க்கும் நடுவில் தொங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு மாதமாகச் சர்க்கரையில்லாத டீயையும், கை நிறையச் சர்க்கரை போட்ட டீயையும், ஊசிப்போன சோற்றையும் ஒன்றுபோல விழுங்கிய மனிதர், ஒரு துண்டுப் பாலாடையை உள்ளே அனுப்ப முடியாமல் வாயைக் கோணிக்கொண்டு திண்டாடினார்.

மகள் அந்த முகத்தை வெகுகவனமாகப் பார்த்தாள்.

“பிடிக்கலைன்னா துப்பிடுங்கப்பா.”

அவர் பேச முடியாமல் தலையை ஆட்டி, கண்ணை மூடி, ஒருவழியாக விழுங்கினார்.

“தோல்” என்றாள் மகள்.

“ஆமா. தோல்தான்.”

“அடியில இன்னும் இருக்கு.” டம்ளரை எட்டிப் பார்த்தாள். பிறகு யாரிடம் சொல்வது என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் டம்ளரிடமே சொன்னாள். “எனக்கு வேணாம்.”

மச்சானின் மனைவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெட்டிகளின் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“வடிகட்டியை எந்தப் பெட்டியில போட்டேன்னு தெரியலையே” என்றாள்.

“பாத்திரம்னு எழுதினதுல இருக்கும்” என்றார் மச்சான்.

“அது மாதிரி ஏழு இருக்கு.”

மச்சான் எழுந்து, மேலேயிருந்த பெட்டியை ஒற்றைக் கையால் சாய்த்து இறக்கப் பார்த்தார். முடியவில்லை. திரும்பி, விரலைத் தலைக்கு மேல் சுழற்றினார். சரியண்ணன் எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தார். பெட்டி தரைக்கு வந்தது. மச்சான் நல்ல கையின் நகத்தால் டேப்பின் நுனியைத் தேட ஆரம்பித்தார்.